காணாம போன சாமானுக்கும் நம்பர் போட்டுப் பதிவு பண்ணலாமா? (தோட்டத்து வீட்டுப் பொருள்கள்)

செந்தூல்_மணியம்:

வணக்கம் எல்லாருக்கும். நான் மலேசியாவுல, கே.எல். (கோலாலம்பூர்) செந்தூல் பக்கம் பிளாட்ல இருக்கேன், அம்மா என்கூடத்தான், வயசு 79. நாங்க பத்தாங் பெர்ஜுந்தை பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்துல இருந்து வந்தவங்க. தோட்டத்தை வித்துட்டு லயத்தை (தொழிலாளிங்க இருந்த வரிசை வீட்டை) காலி பண்ணச் சொன்னப்ப எனக்கு 16 வயசு. ஒரே லாரி, ரெண்டு நடை, ஏறினது வந்துச்சு ஏறாதது அங்கேயே கெடந்துச்சு. வந்ததுலயும் பாதி, பிளாட்ல வைக்க எடம் இல்லாம, 'சூராட் காபார் லாமா' (பழைய பேப்பர்)ன்னு மைக்ல கூவிட்டு வர்ற லாரிக்குப் போயிருச்சு. அம்மிக்கல்லை யாரும் வேணாம்னுட்டாங்க, கீழ மோட்டார் நிறுத்துற எடத்துல வச்சிட்டு வந்தோம், மறுநாள் பாத்தா இல்ல. அம்மா அதை இன்னிக்கும் சொல்லிக் காட்டுவாங்க.

இப்ப மூனு வருஷமா நான் திரும்பச் சேத்துக்கிட்டு வர்றேன். சொந்தக்காரங்க வீட்டு ஸ்டோர் ரூம், பாசார் காராட் (பழைய சாமான் சந்தை), அம்கோர்ப் மால்ல வாரக் கடைசியில போடுற பழைய சாமான் கடைங்க, இப்படி அலைஞ்சு 43 பொருள் ஆயிருச்சு. ரப்பர் மரத்துல பால்வெட்டுற உளி 4, பால் புடிக்கிற மங்கு 11, தோள்ல வாளி தூக்குற காண்டா கம்பு ஒன்னு, தாத்தா 1936ல ரஜூலா கப்பல்ல வந்தப்ப கொண்டாந்த டிரங்குப் பெட்டி, பாட்டியோட சிவப்பு ஐசி (குடியுரிமை இல்லாத நிரந்தரவாசிக்குக் கொடுக்கிற அடையாள அட்டை), ஒரு செக்ரோல் (தொழிலாளிங்க பேர், வேலை நாள் பதியுற) புத்தகத்துல பாதி. அதில்லாம பாசார் காராட்ல வாங்கின பழைய போட்டோ ஒரு 60 இருக்கு, எல்லாம் நம்ம ஆளுங்கதான், ஆனா யாரு எவருன்னு எனக்குத் தெரியாது, யாரோ வீட்டைக் காலி பண்றப்ப மொத்தமா எடைக்குப் போட்டிருக்காங்க.

என் கேள்வி இதுதான். இது இல்லாம என்கிட்ட இன்னொரு நோட்டு இருக்கு. அதுல இருக்கிற எந்தப் பொருளும் என்கிட்ட இல்ல. அம்மா சமைச்சிக்கிட்டே திடீர்னு "அந்த செம்புல தண்ணி மோந்து குடிச்சா தனி ருசிடா"ம்பாங்க, நான் உடனே எழுதிக்குவேன். அடகு வச்சு மூழ்கிப் போன செம்பு, பாட்டியோட தண்டட்டி, தாத்தா வாசிச்ச ஆர்மோனியம், ஆயாக் கொட்டகையில (வேலைக்குப் போறவங்க குழந்தைங்களை விட்டுட்டுப் போற எடம்) எங்க எல்லாரையும் போட்டு ஆட்டின தூளிக் கம்பு. இப்படி 70க்கு மேல ஆச்சு. இருக்கிற 43ஐயும் இல்லாத 70ஐயும் ஒரே பதிவேட்ல போடலாமா, இல்ல இது ரெண்டும் வேற வேறயா? கூட்டாளிங்ககிட்ட கேட்டா இல்லாத பொருளுக்கு எதுக்கு லிஸ்ட்டுன்னு கேக்குறாங்க. அப்புறம் பிளாட்ல ஈரம் ரொம்ப, போட்டோவெல்லாம் எப்படிக் காப்பாத்துறது? அந்த 60 போட்டோவை ஃபேஸ்புக்ல போட்டு ஆள் தேடலாமா? தெரிஞ்சவங்க சொல்லுங்க.

பினாங்கு_செல்வி:

தம்பி, தாராளமா ஒரே பதிவேட்ல போடுங்க. நான் ஜார்ஜ்டவுன்ல ஒரு சின்னக் காட்சியகத்தோட ஸ்டோர்ல பதிமூனு வருஷம் பதிவேடு எழுதினவ. அங்கயும் ஒவ்வொரு பொருளுக்கும் 'நிலை'ன்னு ஒரு கட்டம் இருக்கும், இருக்கு, இரவல் போயிருக்கு, உடைஞ்சிருச்சு, காணல. பொருள் காணாம போச்சுன்னா அந்த வரியை அடிக்க மாட்டோம், அந்த நம்பரை வேற எதுக்கும் கொடுக்கவும் மாட்டோம். காணாமப் போனதும் பதிவேட்ல தன் எடத்துல அப்படியே இருக்கும். நீங்க இதை அந்தப் பக்கத்துல இருந்து ஆரம்பிக்கிறீங்க, அவ்வளவுதான்.

நம்பர் போடுறதுக்கு எளிசான வழி, வருஷம், அந்த வருஷத்துல எத்தனையாவது வரவு, அந்த வரவுல எத்தனையாவது பொருள். 2025.3.7ன்னா 2025ல மூனாவதா வந்த கட்டுல ஏழாவது பொருள். கையில இல்லாததுக்கு முன்னாடி 'கா'ன்னு போட்டுக்கோங்க. நாளைக்கு அது கெடைச்சா 'கா' நம்பரை அழிக்காம பக்கத்துல புது நம்பரை எழுதுங்க. நம்பரைப் பொருள் மேல பேனாவுல எழுதாதீங்க, ஸ்டிக்கரும் ஒட்டாதீங்க, காகித அட்டையில பென்சில்ல எழுதி வெள்ளைப் பருத்தி நூல்ல கட்டுங்க. போட்டோவுக்குன்னா உறை மேல எழுதிட்டு அப்புறம் போட்டோவை உள்ள வைங்க, உள்ள வச்சிட்டு மேல எழுதினா அச்சு விழும்.

என்ன எழுதுறதுன்னா, 'ஆப்ஜெக்ட் ஐடி'ன்னு ஒரு முறை இருக்கு, அமெரிக்காவுல இருக்கிற கெட்டிங்கிற கலை நிறுவனம் ஆரம்பிச்சு 1997ல வெளியிட்டது, இப்ப அனைத்துலக அருங்காட்சியக மன்றம் பாத்துக்குது. திருடு போன பொருளை போலீஸ், கஸ்டம்ஸ், மியூசியம் எல்லாரும் ஒரே மாதிரி விவரிக்கணும்னுதான் அதைச் செஞ்சாங்க, அதனால உங்க ரெண்டாவது நோட்டுக்கு அளவெடுத்துத் தைச்ச மாதிரி பொருந்தும். என்ன பொருள், எதால எப்படிச் செஞ்சது, அளவு, மேல எழுத்தோ முத்திரையோ இருக்கா, வேற எதுலயும் இல்லாத அடையாளம் என்ன, எந்தக் காலம், யார் செஞ்சது. அதுல அந்த அடையாளம்ங்கிறதுதான் உயிர். பித்தளைச் செம்புன்னு எழுதினா ஆயிரம் செம்பு இருக்கு. கல்யாணச் சீருக்குப் பேர் வெட்டின செம்பா, கழுத்துல நசுங்கல் உண்டா, அடியில ஈயம் வச்சு ஒட்டினதா, அதைக் கேளுங்க.

அம்மாகிட்ட "எவ்ளோ பெருசு"ன்னு கேட்டா "பெருசுதான்"னு சொல்லிருவாங்க. நான் எங்க அத்தைகிட்ட அப்படித்தான் கேட்டுக் கேட்டு ஒன்னும் கெடைக்காம, கடைசியில சமையக்கட்டுல இருந்த ஒரு சட்டியைக் கையில கொடுத்து "இதை விடப் பெருசா அத்தே"ன்னு கேட்டேன், உடனே "இல்ல இல்ல, இது வாய் அகலம், அது வாய் குறுகல், நாலு விரல் போகும், இடுப்புல வச்சா இங்க முட்டும்"னு கையாலயே காட்டிட்டாங்க. அந்தக் கையை அப்படியே நிறுத்தச் சொல்லி டேப் வச்சு அளந்து எழுதினேன். சாண், விரல், படி, இதெல்லாம் அவங்க சொன்ன மாதிரியே எழுதிட்டுப் பக்கத்துல சென்டிமீட்டர் போடுங்க. என்னிக்கு சொன்னாங்கன்னு தேதி முக்கியம். ஆறு மாசம் கழிச்சு வேற மாதிரி சொன்னா ரெண்டையும் வைங்க, எது சரின்னு நீங்க முடிவு பண்ணாதீங்க.

உங்க கூட்டாளிங்ககிட்ட இதைச் சொல்லுங்க. அரியலூர் பக்கம் ஸ்ரீபுரந்தான் கோயில்ல இருந்து ஒரு நடராஜர் சிலை திருடு போச்சு. அதை 2008ல ஆஸ்திரேலியா தேசிய கலைக்கூடம் 50 லட்சம் அமெரிக்க டாலருக்கு வாங்கிருச்சு. அது அந்தக் கோயில் சிலைதான்னு எப்படிக் காட்டினாங்க தெரியுமா, பாண்டிச்சேரி பிரெஞ்சு நிறுவனத்துக்காரங்க 1956ல இருந்து கோயில் கோயிலாப் போய் போட்டோ எடுத்து நம்பர் போட்டு வச்சிருந்தாங்க, அந்தப் போட்டோவையும் கலைக்கூடத்துல இருந்த சிலையையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாத்தாங்க. 2014ல சிலை இந்தியாவுக்குத் திரும்பி வந்துச்சு. போட்டோ எடுத்தப்ப திருட்டைப் பத்தி யாரும் நெனைச்சிருக்க மாட்டாங்க, ஆராய்ச்சிக்குன்னுதான் எடுத்தாங்க. அதனால இருக்கிற 43ஐயும் இந்த வாரமே நாலு பக்கமும் அடியையும் போட்டோ எடுத்துருங்க, பக்கத்துல ஒரு அடிக்கோல் வச்சு.

லோரோங்_ஞாயிறு:

செல்வி அக்கா சொன்னதுக்கு மேல ஒன்னு. நான் இருபது வருஷமா பினாங்குல லோரோங் கூலிட் பழைய சாமான் சந்தைக்குப் போறவன், காலையில பசியாறிட்டு நேரா அங்கதான், வெயில் ஏறிட்டா நல்ல சாமான் போயிரும். வாங்கின அன்னிக்கே எழுதுங்க தம்பி. எந்த எடம், என்ன தேதி, எத்தனை வெள்ளி (ரிங்கிட்), விக்கிறவர் என்ன சொன்னார், அதுகூட ஒரே சாக்குல வேற என்னென்ன கெடந்துச்சு. இந்தக் கடைசிது ரொம்ப முக்கியம், யாரும் எழுதுறதில்ல. ஒரு தடவை ஒரு உளியை 15 வெள்ளிக்கு வாங்கிட்டு வந்துட்டேன், அதே பையில ஒரு பள்ளிக்கூட ரிப்போர்ட் கார்டும் ரெண்டு மருந்து பாட்டிலும் இருந்துச்சு, அதை எடுக்கல. அந்த ரிப்போர்ட் கார்டுல தோட்டத்துப் பேர் இருந்திருக்கும். மறுவாரம் போய் கேட்டா குப்பையில போட்டாச்சுன்னார். இப்ப அந்த உளி எங்கிட்ட வெறும் உளியா இருக்கு.

விக்கிறவங்க கதை கட்டுவாங்க, அதையும் எழுதுங்க, ஆனா 'விக்கிறவர் சொன்னது'ன்னு தனியா எழுதுங்க. ஜப்பான்காரன் காலத்துதுன்னு சொன்னா வெலை ஏறும் இல்லையா.

மங்கைத் திருப்பி அடியைப் பாருங்க. நம்ம பெரியவங்க கொட்டாங்குச்சியிலயே பால் எடுத்த காலம் உண்டு, அப்புறம் கண்ணாடி, பீங்கான், அலுமினியம், இப்ப எல்லாம் பிளாஸ்டிக். பீங்கான்ல சிலதுக்கு அடியில செஞ்சவங்க முத்திரை இருக்கும். உள்ள ஒட்டியிருக்கிற காஞ்ச பாலைச் சொரண்டிராதீங்க. உளியையும் அப்படித்தான், துருவை உப்புத்தாள் போட்டுத் தேய்க்காதீங்க, தீட்டாதீங்க. தீட்டித் தீட்டித் தேஞ்ச முனைதான் அதை ஒருத்தர் எத்தனை வருஷம் பிடிச்சார்னு சொல்லும், பிடியில எந்தப் பக்கம் வழவழன்னு இருக்குன்னு பாத்தா பிடிச்ச கை எதுன்னு தெரியும். மெல்லிய துணியால தூசி தொடைச்சா போதும். கையுறை போட்டு எடுங்க, வேர்வை பட்டா இரும்பு மறுபடி துருப்பிடிக்கும்.

பழைய தோட்டத்துப் பக்கம் போய் மண்ணைத் தோண்டுறவங்களும் இருக்காங்க, அது வேணாம். 2005 தேசிய மரபுடைமைச் சட்டத்துல, மரபு மதிப்பு இருக்கும்னு நம்புற பொருள் கண்ணுல பட்டா மரபுடைமை ஆணையருக்கோ மாவட்ட அதிகாரிக்கோ தெரிவிக்கணும்னு இருக்கு. எடுத்துட்டு வந்து வீட்டுல வச்சிக்கிற விஷயம் இல்ல அது.

கிராணி_பேத்தி:

போட்டோ விஷயம் நான் சொல்லணும். மணியம் அண்ணே, தயவு செஞ்சு 60ஐயும் அப்படியே ஃபேஸ்புக்ல தூக்கிப் போடாதீங்க.

எங்க பாட்டி இறந்தப்ப வீட்டைக் காலி பண்ணினது என் சித்தப்பா, எங்களை யாரையும் கேக்கல. நாலு வருஷம் கழிச்சு ஒரு பழைய படப் பக்கத்துல எங்க பாட்டி படம் வருது, என் பெரிய மாமா சின்னக் குழந்தையா இறந்தப்ப மடியில வச்சு எடுத்த படம். எங்க வீட்டுல அதை அலமாரிக்குள்ள துணியில சுத்தி வச்சிருந்தாங்க, நானே ரெண்டு தடவைதான் பாத்திருக்கேன். அதுக்குக் கீழ சிரிப்பு முகம் போட்டு 200 பேர், குழந்தை தூங்குது பொம்மை மாதிரி இருக்குன்னு. என் அம்மா அன்னிக்கு ராத்திரி சாப்பிடல. போட்டவர் கெட்டவர் இல்ல, எழுதிக் கேட்டதும் எடுத்துட்டார், மன்னிப்பும் கேட்டார், ஒரிஜினலைப் போஸ்ட்ல அனுப்பி வச்சார், அதுக்கு நான் இன்னிக்கும் நன்றி சொல்றேன். ஆனா எங்க கைக்கு வர்றதுக்கு முன்னாடி அது எத்தனை பேர் போனுக்குப் போயிருச்சு.

அதனால முதல்ல பிரிங்க. சாவு, சடங்கு, ஆஸ்பத்திரி, குழந்தைங்க இருக்கிற படம் எதையும் வெளிய போடாதீங்க. மத்ததுல முதல்ல பின்பக்கத்தைப் போடுங்க. ஸ்டூடியோ முத்திரை, ஊர் பேர், கையெழுத்து, அதைப் பாத்தாலே சொந்தக்காரங்களுக்குத் தெரியும், என் அம்மாவுக்கு அவங்க அப்பா கையெழுத்து ஒரு எழுத்துல தெரிஞ்சிரும். முன்பக்கத்துல என்ன இருக்குன்னு அவங்களைச் சொல்லச் சொல்லுங்க, சரியாச் சொன்னா கொடுங்க. பொய் சொல்லி வாங்குறவங்களும் இருக்காங்க, பழைய படத்துக்கு இப்ப நல்ல வெலை.

உங்க பாட்டியோட சிவப்பு ஐசியையும் நம்பர் தெரியுற மாதிரிப் போடாதீங்க. அந்தக் கார்டு வச்சிருந்தவங்க எத்தனை தடவை ஆபீஸ் வாசல்ல நின்னாங்கன்னு எங்க தாத்தா சொல்லிக் கேட்டிருக்கேன், அவர் தோட்டத்துல கிராணி (ஆபீஸ் கணக்கர்), மனு எழுதிக் கொடுத்தவர். எழுதத் தெரியாதவங்க பெருவிரல் ரேகை வச்ச காகிதம் அது. மரியாதையா வைங்க அண்ணே.

செபராங்_ரவி:

ஸ்கேன், பாதுகாப்பு பத்தி மட்டும் சொல்றேன், இதான் என் வேலை.

லேமினேட் பண்ணவே பண்ணாதீங்க. செல்லோடேப் ஒட்டாதீங்க. இந்த ரெண்டும்தான் நான் பாக்குற பாதிச் சேதம். பழைய ஆல்பம், பக்கமே ஒட்டும் மேல பிளாஸ்டிக் தாள் மூடும் பாருங்க அந்த மாதிரி ஆல்பத்துல படம் இருந்தா அந்தப் பசை படத்தைத் தின்னும், வெளிய எடுக்கணும். பிச்சு இழுக்காதீங்க, பல் இடுக்கு சுத்தம் பண்ற நூலைப் படத்துக்குப் பின்னாடி விட்டு மெதுவா அறுக்கிற மாதிரி நகர்த்துங்க, வரலன்னா விட்ருங்க, ஆல்பத்தோட ஸ்கேன் பண்ணிக்கலாம்.

ஸ்கேன் 600 டிபிஐ, டிஃப் ஃபைல், முன்பக்கம் பின்பக்கம் ரெண்டும். ஃபைல் பேர்ல செல்வி அக்கா சொன்ன அதே நம்பர், வேற கற்பனையெல்லாம் வேணாம். கலரைத் திருத்தினா தனி காப்பியில திருத்துங்க, மூல ஃபைலைத் தொடாதீங்க. மூனு காப்பி, ரெண்டு வேற வேற வகையான எடத்துல, ஒன்னு வீட்டுக்கு வெளிய. வெளியன்னா தங்கச்சி வீடு கூடப் போதும்.

ஈரத்துக்கு, நம்ம ஊர்ல காத்துல ஈரப்பதம் 80 சதவீதத்தை ஒட்டியே நிக்கும், 65 தாண்டினாலே பூசணம் வரும். கேமராக்காரங்க வாங்குற டிரை கேபினட் ஒன்னு வாங்கி 45லிருந்து 50க்குள்ள வைங்க, போட்டோ, ஐசி, செக்ரோல் எல்லாம் அதுக்குள்ள. காசு இல்லன்னா ரப்பர் வளையம் வச்ச டப்பா, நிறம் மாறுற சிலிக்கா ஜெல், கூடவே ஒரு சின்ன ஈரமானி. குளியலறைச் சொவத்தை ஒட்டின அலமாரியில மட்டும் வேணாம். பிளாஸ்டிக் உறை வாங்குறப்ப பிவிசி வேணாம், வாடையிலயே தெரியும், பாலியெஸ்டரோ பாலிப்ரோப்பிலீனோ கேளுங்க. அந்துருண்டை போடாதீங்க, அம்மா இருக்கிற வீடு.

செக்ரோல் புத்தகத்துல பூச்சி ஓட்டை இருந்தா பிளாஸ்டிக் பையில காத்துப் போகாமக் கட்டி ஃப்ரீசர்ல ரெண்டு வாரம். எடுத்ததும் பிரிக்காதீங்க, ஒரு நாள் முழுக்க வெளிய வச்சு சூடு சமமானதும் பிரிங்க, இல்லன்னா உள்ள தண்ணி கோத்துக்கும். போட்டோவுக்கு இதைச் செய்யாதீங்க.

ஆடியோவை மறந்துட்டீங்க எல்லாரும். அம்மா பேசுறதை எழுத மட்டும் செய்யாதீங்க, போனை மேசை மேல வச்சுப் பதியுங்க. தொடங்குறப்ப தேதி, பேர், எடம் சொல்லிட்டுத் தொடங்குங்க.

பினாங்கு_செல்வி:

பேத்தி சொன்னதைப் படிச்சிட்டு ரொம்ப நேரம் அப்படியே உக்காந்திருந்தேன்மா. எங்க ஸ்டோர்லயும் அந்த மாதிரிப் படம் இருந்துச்சு, காட்சிக்கு வைக்கக் கூடாதுன்னு எழுதி மூடித்தான் வச்சோம்.

மணியம் தம்பி, கடைசியில இதெல்லாம் எங்க போகும்னு இப்பவே யோசிச்சு வைங்க. ஆர்கிப் நெகாரா (தேசிய ஆவணக் காப்பகம்) தனியாள்கிட்ட இருந்தும் ஆவணம் வாங்குவாங்க, கொடுக்கிறப்ப என்ன நிபந்தனைன்னு எழுதி வாங்குங்க. பொருளுக்கு மாநில மியூசியம், பள்ளிக்கூடம், கோயில்னு பல எடம் உண்டு, ஆனா பதிவேடு இல்லாமக் கொடுத்தா அங்கயும் ஒரு மூலையில போய்க் கெடக்கும். காரைக்குடி பக்கம் கோட்டையூர்ல ரோஜா முத்தையான்னு ஒருத்தர் வாழ்நாளெல்லாம் புத்தகம், நோட்டீஸ், கல்யாணப் பத்திரிகைன்னு சேத்தார், 1992ல இறந்துட்டார். சிகாகோ பல்கலைக்கழகம் அதை வாங்கி, அமெரிக்காவுக்குத் தூக்கிட்டுப் போகாம சென்னையிலயே 1994ல நூலகமா வச்சது. தனி ஒருத்தர் சேத்ததுதான், இன்னிக்குத் தமிழ் படிக்கிறவங்க உலகம் பூரா இருந்து அங்க வர்றாங்க. நம்ம பக்கம் அந்த மாதிரி வீடு வீடா எவ்வளவோ கெடக்கு, ஒவ்வொரு தீபாவளிக்கும் வீடு சுத்தம் பண்றப்ப கொஞ்சம் போயிட்டே இருக்கு.

செந்தூல்_மணியம்:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. பேத்தி, 60 படத்தையும் நேத்து ராத்திரி பிரிச்சேன், 9 படத்தைத் தனியா உறையில போட்டு மூடிட்டேன். மத்ததுல 22க்குப் பின்னாடி எழுத்து இருக்கு, மூனுல 'தைப்பிங்'னு ஸ்டூடியோ முத்திரை இருக்கு, அதை மட்டும் முதல்ல போடுறேன்.

செல்வி அக்கா, நீங்க சொன்ன மாதிரி அம்மா கையில ஒரு எவர்சில்வர் சொம்பைக் கொடுத்தேன். கொஞ்ச நேரம் பேசாம இருந்தாங்க. அப்புறம் அதைத் தலைகீழாத் திருப்பி, அடியில விரலை வச்சு, "இங்க ஒரு ஓட்டை, தாத்தா தோட்டத்து ஸ்டோர்ல ஒருத்தரைப் புடிச்சு ஈயம் வச்சு அடைச்சாரு, வெரலுக்குத் தட்டும்"னாங்க. இதை 79 வயசு வரைக்கும் என்கிட்ட ஒரு தடவை கூடச் சொன்னதில்ல, நானும் கேட்டதில்ல. ரவி சொன்னபடி போன் ஓடிக்கிட்டு இருந்துச்சு, 48 நிமிஷம் வந்திருக்கு.

முதல் பதிவு இப்படிப் போட்டிருக்கேன், ஏதாவது விட்டிருந்தா சொல்லுங்க:

கா 2025.1.1. பித்தளைச் செம்பு. ஒரு படிக்குக் கொஞ்சம் கம்மியாத் தண்ணி பிடிக்கும். வாய் அம்மா கையால நாலு விரல் உள்ள போற அளவு, அளந்தா 7.5 செ.மீ. கழுத்துக்குக் கீழ புள்ளி புள்ளியா 'மு. கா.'ன்னு வெட்டியிருக்கும், 'கா'வோட கால் பாதியிலயே நிக்கும், வெட்டினவருக்கு எடம் பத்தல. அடியில ஈய ஒட்டு, விரலுக்குத் தட்டும். பாட்டி கல்யாணச் சீர், நாகப்பட்டினத்துல கப்பல் ஏறினப்ப டிரங்குப் பெட்டிக்குள்ள வந்தது. சின்ன மாமா காய்ச்சல்ல கெடந்தப்ப கிள்ளான்ல அடகு வச்சு மூழ்கிப் போச்சு. நிலை: காணல. சொன்னது: அம்மா. எழுதினது: நான்.

லோரோங் அண்ணே, ஞாயித்துக்கிழமை அங்க போறப்ப பித்தளை சாமான் கண்ணுல பட்டா கழுத்துக்குக் கீழ ஒரு தடவை பாருங்க.

லோரோங்_ஞாயிறு:

பாக்குறேன் தம்பி. பித்தளைக்காரர் மூனு பேர் இருக்காங்க, மூனு பேர்கிட்டயும் சொல்லி வைக்கிறேன். வருஷம் போடல நீ, மாமாவுக்குக் காய்ச்சல் வந்தப்ப அவருக்கு என்ன வயசுன்னு அம்மாவைக் கேளு.